தினமும் ஒன்பது மணி வரை

ஊர்க்காரர்கள் நண்டு என்று கூப்பிடும் அந்தப் பெண் ஜெயித்தவை இவை: சுற்றுலா அலுவலகம் அச்சடித்த மூவாயிரம் வழிகாட்டிப் புத்தகங்களையும் ஒன்று விடாமல் திரும்பப் பெறவைத்தாள். பாறைத்தீவுக்கு ஆட்களை அழைத்துப் போகக்கூடாது என்று தனக்குப் போட்ட தடையை எடுக்கவைத்தாள். காலில் மண் படாத ஓர் அதிகாரியை, இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையோடு கடலில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினாள். நாற்பத்தொரு வயதில், யாருடைய வகுப்பறையிலும் உட்காராமல், படிக்கக் கற்றாள். இதில் எதையும் யாரும் அவளுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

அந்தச் சின்னக் கடலோர ஊருக்கு வருகிறவர்கள் பார்க்க நாலைந்து இடங்கள்தான் உண்டு. நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் கலங்கரை விளக்கம். காலை ஏழு மணிக்கு மீன் ஏலம். அப்புறம் பாறைத்தீவு. கரைக்கும் அதற்கும் நடுவில் முந்நூறு அடி நீளத்துக்குக் கல் திட்டு ஒன்று கடலுக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர் இறங்கும்போது அது முதுகைக் காட்டும், நடந்தே போகலாம். தீவின் பின்பக்கம் ஊதும் பாறை இருக்கிறது. அலை அடித்தால் அதன் ஓட்டையிலிருந்து சங்கு ஊதுவதுபோல் சத்தம் வரும். பக்கத்தில் முழங்கால் ஆழத்தில் ஒரு குளம், அடி வரை தெரியும். இருபத்திரண்டு வருடமாக அங்கே ஆட்களை அழைத்துப் போனவள் நண்டு. வழுக்குப் பாறையில் பக்கவாட்டில் நடப்பாள், அதனால்தான் அந்தப் பெயர்.

தண்ணீர் இறங்கும் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளிப்போகும். இன்று ஒன்பதுக்குக் காய்ந்து கிடக்கும் திட்டில், ஏழு நாள் கழித்து அதே ஒன்பதுக்கு இடுப்புத் தண்ணீர் நிற்கும். இது அந்த ஊரில் மீன் விற்பவருக்கும் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். சுற்றுலா அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தெரியாது. அவர் மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அலுவலகம் கடலைப் பார்த்தபடிதான் இருக்கிறது, ஆனால் ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்.

புத்தகம் போடப்போவதாகச் சொல்லி ஒருநாள் காலை நண்டுவோடு தீவுக்கு வந்தார். அவள் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டார். திரும்பும்போது அவள் சொன்னாள்: "சார், சீக்கிரம் நடங்க. இன்னிக்கு ஒன்பது மணிக்குள்ள கரைக்குப் போயிடணும்." அதையும் எழுதிக்கொண்டார். கரைக்கு வந்ததும் ஒரு தாளை நீட்டினார். "நீங்க வந்ததுக்கு ஒரு அடையாளம்மா, கை வைங்க." நண்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கைநாட்டு வைத்தாள்.

புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். முதல் பக்கத்தில் அதிகாரியின் படமும் பெயரும். நண்டுவின் பெயர் எங்கும் இல்லை. அதற்கு அவள் கோபப்படவில்லை. "நம்ம மூஞ்சியப் போட்டா எவன் வாங்குவான்?" என்று சிரித்தாள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு கணவன், மனைவி, கணவனின் அம்மா மூவரும் வெளியூரிலிருந்து வந்தார்கள். புத்தகத்தைப் பார்த்துத் தாங்களாகவே எட்டு மணிக்குத் தீவுக்கு நடந்தார்கள். ஏறும் தண்ணீர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எட்டரைக்குத் திட்டு மூழ்கிவிட்டது. ஐந்து மணி நேரம் வெயிலில் நின்றார்கள். படகு போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து நண்டுவுக்கு ஓலை வந்தது. அக்காவின் தையல் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு தையலைக்கூடக் கோணலாக விடமாட்டாள், ஓர் எழுத்தையும் விழுங்கமாட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்: தவறான நேரத்தைச் சொன்னது நண்டு. தகவல்கள் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்று அவளே கைநாட்டு வைத்திருக்கிறாள். இனி அவள் தீவுக்கு யாரையும் அழைத்துப் போகக்கூடாது. மார்ச் மாதம் விசாரணை. அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுத்துமூலம் தரவேண்டும்.

பிறகு அக்கா, கடையில் கிடந்த அந்தப் புத்தகத்தைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்தாள். "'பாறைத்தீவுக்குத் தினமும் காலை ஒன்பது மணி வரை நடந்து செல்லலாம்'னு போட்டிருக்குடீ."

"தினமுமா? நான் அன்னிக்குன்னு சொன்னேன்! கடல் என்ன பள்ளிக்கூடமா, தினம் ஒரே நேரத்துக்கு மணி அடிக்க?"

"படிச்சுப் பாக்காம எதுக்குக் கை வச்ச? என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

நண்டு கத்தரிக்கோலைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். "எத்தனை நாளைக்கு நீ எனக்குக் கண்ணா இருப்ப? உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாங்க. படுத்த படுக்கையா கிடந்த அம்மாவைப் பாத்துக்க என்னை விட்டாங்க. நான் யாரையாவது ஏதாவது கேட்டனா?"

அது உண்மை. முப்பது வருடமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத உண்மை.

"அந்தப் புத்தகத்தைக் குடு" என்றாள் நண்டு.

மறுநாளிலிருந்து மதியம் தோறும் தையல் கடையின் மூலையில், துணிமூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் செய்த தந்திரம் இதுதான்: புத்தகத்தில் இருந்தவை பெரும்பாலும் அவளுடைய வாக்கியங்கள். இருபத்திரண்டு வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. குளத்தின் படம் இருந்தால் அதன் கீழே என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்: 'கால் வைக்குமுன் நிழலைப் பாருங்கள். நிழல் நகர்ந்தால் அது நண்டு.' வாயால் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தினாள். நிழல் இரண்டு முறை வந்தது, அதே வடிவம் தாளிலும் இரண்டு முறை இருந்தது. பிடித்துக்கொண்டாள். திருடு போன தன் பொருளைத் திருடன் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வருவதுபோல எழுத்துகளை எடுத்தாள். அக்கா உதவிக்கு வாயெடுத்தால், "நீ மிஷினை மிதி" என்பாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வெட்டிப்போட்ட துணியில் தையல் சாக்பீஸால் தன் பெயரை எழுதித் தரச் சொன்னாள். அந்தத் துணி கிழியும்வரை அதன்மேலேயே எழுதிப் பழகினாள்.

விசாரணை காலை எட்டரைக்கு. அதிகாரி ஒரு தாளைத் தயாராக வைத்திருந்தார். பக்கத்தில் குமாஸ்தா.

"கை வச்சிட்டுப் போங்கம்மா. மன்னிச்சு விட்டுடறோம்."

நண்டு தாளைத் தொடவில்லை. நேராகப் போய் ஜன்னல் திரையை இழுத்து விலக்கினாள். "சார், மணி எட்டே முக்கால். உங்க புத்தகப்படி இன்னும் கால் மணி இருக்கு. தீவுக்குப் போயிட்டு வாங்க. நீங்க நனையாம போனா நான் கை வைக்கிறேன்."

"என்ன விளையாட்டு இது?"

"அந்த அம்மாவுக்குக் கை ஒடிஞ்சப்ப விளையாட்டாத் தெரியலையா?"

குரல் வெளியே கேட்டது. ஏலம் முடிந்து திரும்பிய மீன்காரம்மா வாசலில் நின்றுவிட்டார். டீக்கடைக்காரர் கரண்டியோடு வந்தார். பத்து நிமிடத்தில் முப்பது பேர்.

"போங்க சார், நீங்க எழுதின புத்தகம்தானே!" என்றார் டீக்கடைக்காரர்.

"புத்தகத்தை மறக்காம எடுத்துக்கங்க, வழி தப்பிடப் போகுது" என்றார் மீன்காரம்மா.

தண்ணீர் அவ்வளவு இருக்காது என்று அதிகாரி நிஜமாகவே நம்பினார்போல. வீறாப்பாகக் கடலில் இறங்கினார். நண்டு கூடவே பக்கவாட்டில் நடந்தாள், விழுந்தால் பிடிக்க. பத்தடியில் முழங்கால். நாற்பதடியில் தொடை. எழுபதாவது அடியில் ஓர் அலை வந்து இடுப்பைத் தாண்டி நனைத்தது. கையிலிருந்த புத்தகம் நழுவி மிதந்தது.

"போதும்மா, போதும்! திரும்பலாம்!"

"எது போதும்? நீங்க நின்னது அஞ்சு நிமிஷம். அவங்க அஞ்சு மணி நேரம் நின்னாங்க. இருபத்திரண்டு வருஷத்துல என் கையைப் பிடிச்சு வந்த ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. என்னைப் போய்ச் சொல்லிட்டீங்களே!"

அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக் கரையேற்றினாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும், ஈரம் சொட்டச் சொட்ட அவர் சொல்ல, குமாஸ்தா புதிய தாளைத் தட்டச்சு செய்தார். நண்டு அதை வாங்கி, விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். மெதுவாகத்தான். அறையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற அக்கா புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது வரியில் விரல் நின்றது.

"'தவறான புரிதலால்'னு இருக்கு. யாரோட புரிதல்?"

குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார்.

"அலுவலகத்தின் பிழைன்னு அடிங்க" என்றார்.

மறுபடி அடித்தார்கள். மறுபடி படித்தாள். தடை நீக்கம் இருந்தது. புத்தகங்களைத் திரும்பப் பெறுவது இருந்தது. குமாஸ்தா பழக்கதோஷத்தில் ஸ்டாம்ப் பேடைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். நண்டு அதை மூடி அவர் பக்கமே தள்ளினாள்.

"பேனா குடுங்க."

ஊர் கூப்பிடும் பெயர் இல்லை, அவளுடைய சொந்தப் பெயர், ஐந்து எழுத்து. மூன்றாவது எழுத்தின் சுழியைச் சரியாக முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். அடியில் தேதியையும் அவளே போட்டாள்: 14 மார்ச் 2019, வியாழக்கிழமை.