முத்தையன்கட்டுக்கு அப்டேற் போன மத்தியானம்

பேய், முனி எண்டு கதைக்கிற ஆக்களைக் கண்டா எனக்குச் சிரிப்பு வாறேல்லை, கோபம்தான் வாறது. சின்னனிலயிருந்தே அப்பிடி. தர்மபுரத்தில எங்கட வளவுக்குப் பின்னால நிண்ட பாலை மரத்தில ஏதோ இருக்கெண்டு பொழுதுபட்டாச் சனம் அந்தப் பக்கம் போகாது, நான் வேணுமெண்டே சைக்கிளை அதில சாத்திப்போட்டுக் கீழ படுத்துக் கிடப்பன். அதுக்குமேல நான் பழகின வேலையும் கொம்பியூட்டர் வேலை. கம்பி பூட்டியிருந்தாப் போகும், கழட்டினாப் போகாது, எனக்குத் தெரிஞ்ச வேதம் அவ்வளவுதான். நீங்களும் இதே தொழில் செய்யிறபடியா நான் முடிக்கமுதலே வாயைத் திறப்பியள் எண்டு தெரியும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கோ.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மாரி. புதுக்குடியிருப்பில ஒரு நிவாரண நிறுவனத்தில இருந்தனான். சண்டையால கறண்ட் எண்டதையே சனம் மறந்துபோன காலத்தில சேர்வர் வைச்சிருந்தம் எண்டாச் சிரிப்பியள், ஆனா வைச்சிருந்தம். உங்கட ஒபிசில நிக்கிற இரும்பலுமாரி மாதிரி இல்லை, மேசைக்குமேல வைக்கிற சாதாரண மெசின்தான், கொஞ்சம் கூடின ஞாபகம், அவ்வளவு. முன்வீட்டில பெரிய மெசின், பக்கத்து அறையில களஞ்சியத்தின்ர மெசின், பின்வளவு வீட்டில தாய் சேய் பகுதியின்ர மெசின். மூண்டையும் ஒரு கறுத்தக் கேபிள் தொடுக்கும், அது பலா மரத்தில ஏறி இறங்கித்தான் பின்வீட்டுக்குப் போகும். மெசினுகளுக்குக் குளத்துப் பேர் வைச்சிருந்தம். பெரியது இரணைமடு, களஞ்சியம் வவுனிக்குளம், பின்வீடு முத்தையன்கட்டு. கொழும்பிலயிருந்து புதுப் புரோகிராம் வந்தா இரணைமடுவில ஏத்தி, அங்கயிருந்து கேபிளால மற்ற ரெண்டுக்கும் விடுறது. அதை அப்டேற் எண்டு நான்தான் சொல்லுறனான், ஒபிஸ் முழுக்கத் துருசு திறக்கிறது எண்டுதான் சொல்லும். குளத்து மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணி விடுற சனம், வேற என்னெண்டு சொல்லும்?

அந்தக் கேபிளை இழுத்தவர் மரியதாஸ் அண்ணை. முல்லைத்தீவுக் கரையில கடல் தொழில் செய்துகொண்டிருந்த மனுசன், இடம்பெயர்ந்து வந்து எங்களிட்ட ஜெனரேற்றர் பார்க்கச் சேர்ந்தவர். வலை பின்னின கை, கம்பி வேலையை ஒருக்காக் காட்டினாப் போதும். அவற்ற மனிசி ரீற்றா அக்காதான் தாய் சேய் பகுதியில கொம்பியூட்டரில இருந்தவா. அந்த வருசத் துடக்கத்தில மரியதாஸ் அண்ணை மலேரியாவில செத்துப்போனார். அப்ப ரீற்றா அக்காவுக்கு வயித்தில பிள்ளை. பிள்ளை பிறந்து கொஞ்ச நாளிலயே அவா வேலைக்கு வந்திட்டா, வராமல் என்ன செய்யிறது? ஒபிஸ் அறைக்குள்ளயே கூரை வளையில பிள்ளைக்கு ஏணையைக் கட்டி, காலால ஆட்டி ஆட்டித்தான் அடிப்பா. பிள்ளைக்கு ஜெனி எண்டு பேர். நல்ல அழுவிணி.

இனிச் சொல்லப்போறது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது, ஆனா முதலே சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். தாய்மாருக்குச் சுகாதாரம் விளங்கப்படுத்தவெண்டு முத்தையன்கட்டுக்கு மட்டும் ஸ்பீக்கரும் மைக்கும் வந்தது. வந்த அண்டைக்கு மரியதாஸ் அண்ணை மைக்கைப் பிடிச்சுச் சும்மா பகிடிக்குக் கதைச்சிருக்கிறார். “ரீற்றா, கேக்குதே? வேலை முடிஞ்சுதெண்டா வா, வீட்ட போவம்.” அது மெசினுக்குள்ள பதிஞ்சு கிடந்திருக்கு. கலியாணப் படம்கூட இடம்பெயர்வில துலைஞ்சுபோச்சு, அந்த மனுசன் இந்த உலகத்தில இருந்தார் எண்டதுக்கு அவாவிட்ட மிச்சமாயிருந்தது அந்தக் குரல் ஒண்டுதான். ஒவ்வொரு நாளும் ஜெனரேற்றர் நிக்கமுதல் சத்தத்தைக் குறைச்சு, ஸ்பீக்கரில காதை வைச்சுக் கேட்டிட்டுத்தான் வீட்ட போவாவாம். ஒபிஸ் மெசினில சொந்தச் சாமான் வைக்கக்கூடாது எண்டு நான் நாய் மாதிரிக் குலைக்கிற ஆள், அதால என்னிட்ட மூச்சு விடேல்லை.

அப்ப ரெண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினை வந்தது, ஞாபகம் இருக்கும். வருசம் பிறந்தாப் பழைய புரோகிராம் பிள்ளையளின்ர வயசைப் பிழையாக் கணக்குப் பாத்துத் தடுப்பூசித் திகதியெல்லாத்தையும் குழப்பிப்போடும். உங்கட ஜெனிக்கு நூறு வயசெண்டு காட்டும், பென்சன் எடுக்கலாம் எண்டு நான் ரீற்றா அக்காவுக்குப் பகிடி விட்டனான். கொழும்பிலயிருந்து ஒரு கட்டுப் பிளாப்பி வந்தது. வவுனியாவில ஆமி அதை மறிச்சுக் கிளறி விசாரிச்சு, கடைசியா ஒருமாதிரி வந்து சேர்ந்திட்டுது. இந்த முறை பழைய புரோகிராம் இருந்த இடத்தை முழுக்கத் துடைச்சுப்போட்டுத்தான் புதுசு போய் இருக்கும். பிள்ளையளின்ர விபரமெல்லாத்தையும் நான் முதலே இரணைமடுவுக்கு எடுத்து வைச்சிட்டன், அது புதுசோட சேர்ந்து திரும்பிப் போகும். குரல் கிடந்ததும் அந்தத் துடைக்கிற இடத்துக்குள்ளதான், எனக்கது தெரியாது.

காலமை நான் போய், இண்டைக்குத் துருசு திறக்குது, பழசெல்லாம் அழியும், ஒருத்தரும் மெசினைத் தொடாதேங்கோ எண்டு சொன்னனான். ரீற்றா அக்கா ஏணையை ஆட்டிக்கொண்டு மெசினையே பாத்துக்கொண்டிருந்தா. சரியான மழை. மரியதாஸ் அண்ணைக்குப் பிறகு ஜெனரேற்றருக்கு ஆளில்லை, நானே மண்ணெண்ணெய் விட்டு இழுத்துப்போட்டு வந்து இரணைமடுவுக்கு முன்னால இருந்தன். வவுனிக்குளத்துக்குப் போய் முடிஞ்சுது. முத்தையன்கட்டுக்குப் போகத் துடங்கிப் பாதியில ஜெனரேற்றர் இருமிச்சுது. லைற் மங்கிச்சுது. எனக்குச் சீவன் போச்சு, ஏனெண்டா இடையில நிண்டா அந்த மெசின் ஒண்டுக்கும் உதவாமல் போயிடும், அதைத் திருத்த அந்த நேரம் வன்னியில ஒரு சாமானும் இல்லை. ஆனா நிக்கேல்லை, தானாவே பழையபடி சீரா ஓடத் துடங்கீற்றுது. கொஞ்ச நேரத்தால திரையில முத்தையன்கட்டு முடிந்தது எண்டு வந்தது. அப்பாடா எண்டு எழும்பி, சாக்கைத் தலையில போட்டுக்கொண்டு பின்வீட்டுக்கு ஓடினன்.

போய்ப் பாத்தா மெசினுக்குப் பின்னால கேபிள் தனியத் தொங்குது. மற்றதுகளுக்கு லைன் அறாமல் ஒரு மெசினை மட்டும் எப்பிடிக் கழட்டுறதெண்டு நான்தான் அவாவுக்குக் காட்டிக் குடுத்தனான், அச்சொட்டா அப்பிடியே கழட்டியிருக்கு. ரீற்றா அக்கா பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு நிலத்தில இருக்கிறா. எப்ப கழட்டினனீங்கள் எண்டு கேட்டன். நீ துடங்கமுதலே எண்டா. பிறகு பூட்டினனீங்களோ எண்டு கேட்டன். மாதாவாணை இல்லையெண்டா. அப்பதான் அழுதழுது குரலின்ர கதையைச் சொன்னா. எனக்கு வந்த கோபம்! என்னிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா ஒரு நிமிசத்தில எடுத்து வைச்சுத் தந்திருப்பனே, நான் என்ன மனுசனில்லையோ எண்டு கத்தினன். கத்திப்போட்டு எனக்கும் அழுகை வந்திட்டுது, அதையும் சொல்லத்தான் வேணும்.

சரி, ஏதோ பிழையாக் காட்டியிருக்கு, திரும்ப விடுவம் எண்டு நினைச்சுக்கொண்டு திரையைப் பாத்தன். புதுப் புரோகிராம் நிக்குது. திகதியை ரெண்டாயிரத்துக்கு மாத்திப் பாத்தன், ஜெனியின்ர வயசைச் சரியாக் காட்டுது. பழசெல்லாம் துடைச்சுக் கிடக்குது. வயர்லெஸ் எண்டு சொல்லாதேங்கோ, அந்த நேரம் அப்பிடியொரு சாமானை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. பிளாப்பிக் கட்டு முழுக்க முன்வீட்டில என்ர மேசையில கிடந்தது. நான் கேபிளைக் கையில பிடிச்சுக்கொண்டு விசரன் மாதிரி நிக்கிறன். ரீற்றா அக்கா எழும்பி வந்து மௌஸைப் பிடிச்சா. துடைச்ச இடத்தில ஒரேயொரு சாமான் மிச்சம் கிடந்தது, அந்தக் குரல். எப்பிடித் தப்பினதெண்டு கேட்டா எனக்குத் தெரியாது.

அவா அமத்தினா. முதல்ல ஒரு குழந்தை அழுகிற சத்தம். பிறகு மரியதாஸ் அண்ணையின்ர குரல், ஆனா எனக்குத் தெரிஞ்ச அவற்ற கலகலப்பு இல்லை, மெதுவா, “ஓராரோ… அழாதையம்மா, அப்பா நிக்கிறன்தானே.” ஏணைக் கயிறு வளையில உரசிற சத்தம். அழுகை குறைஞ்சு குறைஞ்சு நிண்டிட்டுது. மடியில இருந்த ஜெனி கண்ணை முழிச்சு ஸ்பீக்கரைப் பாத்துக்கொண்டிருந்தாள், ஒரு அசைவில்லை. மரியதாஸ் அண்ணை சாகேக்க அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. மைக்கை மல்லாவி ஒபிசுக்குக் குடுத்தும் எவ்வளவோ காலம்.

ரீற்றா அக்கா முழுக்கக் கேட்டிட்டு, திரும்பவும் ஒருக்காக் கேட்டா. பிறகு என்னைப் பாத்து, “என்னை வாவெண்டு கூப்பிடேல்லையடா தம்பி” எண்டா.

எனக்கு முதல்ல விளங்கேல்லை. பிறகு அவாவே சொன்னா, ஒவ்வொரு நாளும் வா, வீட்ட போவம் எண்டு அவர் கூப்பிடுறதைக் கேட்டுக் கேட்டு, போவமோ எண்டு தனக்கு நினைப்பு வரத் துடங்கீற்றுதாம். பிள்ளையை மாமியிட்ட விட்டிட்டு, வீட்டுக் கிணத்தடியில போய் நிண்டும் இருக்கிறாவாம். இனிப் போகமாட்டன், அந்த மனுசன் பிள்ளையைப் பாக்கச் சொல்லிப்போட்டார் எண்டு அழுதா, பிள்ளையின்ர தலையில முகத்தை வைச்சு நல்லா அழுதா. நான் தடுக்கேல்லை. பிறகு அவா போகவும் இல்லை. இண்டைக்கும் முள்ளியவளையில இருக்கிறா, ஜெனிக்குக் கலியாணமாகி ரெண்டு பிள்ளையள். அந்த மெசினை இடம்பெயர்ந்து ஓடேக்க எங்கயோ விட்டாச்சு. நான் குரலை எடுத்துக் குடுத்த பிளாப்பியும் பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு. ரீற்றா அக்கா அதுக்குக் கவலைப்படேல்லை, தனக்கு மனப்பாடம் எண்டா.

இவ்வளவும் நான் கனபேருக்குச் சொல்லியிருக்கிறன். நீ முடிச்சாப் பிறகுதான் அவா கழட்டியிருப்பா, குரல் வேற ஆரின்ரயோ எண்டு சொல்லுவினம். சொல்லட்டும். ஆனா ஒண்டு, இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை, ரீற்றா அக்காவும் அதைப்பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை.

ஜெனரேற்றர் இருமினது எண்டனே, அப்ப நான் பயத்தில என்னை மறந்து கத்திப்போட்டன். முந்தி அப்டேற் விடேக்க எத்தினையோ தரம் கத்தினதுதான், வாய்க்குப் பழகிப்போச்சு, ஆள் இல்லையெண்டதும் அந்த நேரம் ஞாபகம் வரேல்லை. “மரியதாஸண்ணை, நிப்பாட்டிப்போடாதேங்கோ!” முன்வீட்டில ஆரும் இல்லை, மழைச் சத்தம் மட்டும்தான்.

அந்தப் பதிவில, பிள்ளையின்ர அழுகை குறையிற இடத்தில, தூரத்தில அது கேக்குது. மழைக்குள்ளால என்ர குரல்தான், அதே சொல்லு. அதுக்கு அவர் பிள்ளை எழும்பிப்போடும் எண்டு பயந்தவர் மாதிரி, மைக்குக்குக் கிட்டவா, மெல்லமாச் சொல்லுறார், “ஓம் தம்பி.”