தட்டிப் பார்க்காத ஜாடி

அருங்காட்சியகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் யாரும் இல்லை. காவலாளி முதல் காப்பாட்சியர் வரை எல்லாருக்கும் அவர் ‘பூதக்கண்ணாடி’. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் உருப்பெருக்கியைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார். தட்டில் கல் தேடுகிறார் என்பார் காவலாளி.

அவருடைய வேலையே தேடுவதுதான். கண்காட்சிக்கு இரவலாக வரும் பொருளை வாங்கி, எங்கே கீறல், எங்கே கறை, எங்கே விரிசல் என்று நிலைப் படிவத்தில் குறித்து, கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் நாளில் வாய்ப்பேச்சு செல்லாது, படிவம்தான் பேசும். ஒன்பது வருடமாக இதைத் தற்காலிக ஊழியராகவே செய்துவந்தார். இப்போதுதான் பணி நிரந்தரக் கோப்பு ஆமை வேகத்தில் நகர்ந்து காப்பாட்சியரின் மேசைக்கு வந்திருந்தது. ‘இவர் பொறுப்பில் இருந்த எந்தப் பொருளுக்கும் சேதமில்லை’ என்று அந்த அம்மாள் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போய்விடும்.

அந்த ஒரு வரிக்குத்தான் சனிக்கிழமை காலையில் ஆபத்து வந்தது.

ஊர் மக்கள் கொடுத்த நூறு வீட்டுப் பொருட்கள், அவற்றைப் பார்த்து உள்ளூர் ஓவியர்கள் வரைந்த நூறு படங்கள். பத்து மணிக்கு அந்தக் கண்காட்சியின் திறப்பு. எட்டரைக்கே வந்து ஒவ்வொரு பீடமாகப் பார்த்துக்கொண்டு போனவர், நாற்பத்தோராவது பொருளின் முன் நின்றுவிட்டார். ஓய்வு பெற்ற தையல் டீச்சர் கொடுத்த பீங்கான் ஜாடி. முழங்கால் உயரம், தோளைச் சுற்றி நீல மீன்கள். அந்த மீன்களில் ஒன்றை இரண்டாகப் பிளந்துகொண்டு வாயிலிருந்து இடுப்பு வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது. பீடத்தின் மேல் கடுகளவு ஏதோ வழவழப்பாக உறைந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், ஆனால் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அறைக்கு ஓடிப்போய்ப் படிவத்தை எடுத்தார். ‘விரிசல்: இல்லை.’ அவருடைய கையெழுத்தேதான். கீழே டீச்சரின் ஒப்பம், பித்தான் வைத்துத் தைத்ததுபோல உருண்டை உருண்டையாக. ஏற்றியது யார், இறக்கியது யார், விளக்கு மாட்டியவன் ஏணியைச் சாய்த்தானா? ஜாடி வந்ததிலிருந்து மூன்று நாளை மனதில் உருட்டிப் பார்த்தும் எதுவும் சிக்கவில்லை. மனைவிக்குப் போன் செய்தார். அவள் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

“நீங்க உடைச்சீங்களா?”

“இல்ல.”

“அப்ப ஏன் உங்க குரல் உடைஞ்சிருக்கு? போய்ச் சொல்லுங்க. நாளைக்குச் சொன்னா மறைச்சதாயிடும்.”

சொல்வது எளிது. படிவத்தில் ஜாடியின் உருவம் கோட்டோவியமாக அச்சிட்டிருந்தது. அதில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, ‘இல்லை’யை அடித்துச் சுருக்கொப்பம் வைத்தால், ஜாடி வரும்போதே விரிசலோடு வந்ததாகிவிடும். அன்றைக்கு எழுதிய அதே பேனா சட்டைப்பையில் இருந்தது. மூடியைக் கழற்றி, முனையை ஜாடியின் வாய் மேல் வைத்தும்விட்டார். அப்போது உருண்டை எழுத்துகள் கண்ணில் பட்டன. படிவத்தைப் படிக்காமல், “நீங்க சொன்னா சரிதான் தம்பி” என்று போட்ட கையெழுத்து அது. கோடு இழுத்தால், உடைந்த ஜாடியைத்தான் கொடுத்தேன் என்று டீச்சரே ஒப்பமிட்டதாகிவிடும். பேனாவை எடுத்துவிட்டார். புதுப் படிவம் ஒன்றில் அன்றைய தேதியிட்டு, ‘விரிசல்: உள்ளது. காரணம் தெரியவில்லை’ என்று எழுதிக் காப்பாட்சியரிடம் கொண்டுபோய் நீட்டினார்.

அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “டீச்சர் வந்துட்டாங்க. நீங்களே சொல்லுங்க, நான் கூட வர்றேன்” என்றார்.

டீச்சர் ஏற்கனவே ஜாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைப்பதும் பின்பக்கம் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டீச்சர், என்னை மன்னிக்கணும்...” என்று தொடங்குவதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

“நீங்கதான் தம்பி என்னை மன்னிக்கணும். அது முப்பது வருஷத்து விரிசல்.”

டீச்சர் மளமளவென்று கொட்டிவிட்டார். தெருவே ஆளுக்கொரு பொருள் தூக்கிக்கொண்டு போகும்போது தன்னுடையதை மட்டும் ஓட்டை உடைசல் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். நூலுக்குப் பூசும் மெழுகை உருக்கி, துணியில் கோடு போடும் சாக்கைப் பொடித்துக் கலந்து, விரிசலை அடைத்து, விரலால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார். மூன்று நாள் விளக்குச் சூட்டில் மெழுகு இறங்கிவிட்டது. அந்தக் கடுகளவு வழவழப்பு அதுதான்.

“எந்தக் கடையிலயும் ஜாடிய ஒரு தட்டுத் தட்டிப் பாத்துத்தானே தம்பி வாங்குவாங்க? நீங்க கையுறைய மாட்டிக்கிட்டு, கண்ணாடிய வச்சு வச்சுப் பாத்தீங்க. தட்டவே இல்ல. அப்பாடான்னு வந்துட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் தூக்கம் போச்சு.”

காப்பாட்சியர் இவர் பக்கம் திரும்பினார். “ஏன் தட்டல?”

“பொருளைத் தட்டக் கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்கே மேடம். நீங்க கையெழுத்துப் போட்ட அறிவிப்புதான்.”

அந்த அம்மாள் விரலை மடக்கி, ஜாடியின் தோளில் மெதுவாகத் தட்டினார். நல்ல ஜாடிபோல ‘கணீர்’ என்று ஒலிக்காமல் ‘தொப்’ என்றது. சுரணையுள்ள எந்தக் காதுக்கும் அது போதும். இவருக்கு முகம் சிறுத்துப்போனது.

“ஜாடிய எடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டார் டீச்சர். அவருடைய கவலை அவருக்கு. வேண்டாம், விளக்கைத் தள்ளி வைத்தால் போதும், விரிசலோடேயே இருக்கட்டும் என்றார் காப்பாட்சியர். நடந்ததை டீச்சர் புதுப் படிவத்தின் கீழே எழுதி ஒப்பமிட்டார். அதை வாங்கி மடித்தபடியே காப்பாட்சியர் இவரிடம், “ரெண்டு படிவமும் உங்க கோப்போடதான் போகும். மறைச்சு அனுப்ப முடியாது” என்றார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவார். ஒரு நாள் நீள உறை வந்தது. வாசலிலேயே கிழித்தார். ‘பொருளைப் பெறும்போது போதிய கவனம் செலுத்தத் தவறியமைக்காக எச்சரிக்கப்படுகிறீர்.’ அவ்வளவுதான். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தாள். பிறகு கீழே கிடந்த உறையை எடுத்தாள். அதன் கனத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“உறையத் தட்டிப் பாத்தீங்களா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் உறையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். பணி நிரந்தர ஆணை அவர் மடியில் விழுந்தது.