கபடி தெரியாமல் கபடி சொல்லிக்கொடுத்த அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுத வேறு ஆள் கிடைக்காததால் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே மகள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. படிக்கையில் சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

காட்டாங்குளத்தூரை அடுத்த சிற்றூரில், நான்கு பிள்ளைகளில் கடைசியாக அப்பா பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவரைக் கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தவர் மூத்த அக்கா, அதாவது என் அத்தை. பொத்தேரியில் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்த அப்பா, அம்மாவை மணந்து அஸ்தினாபுரத்தில் குடியேறினார். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார்.

காரியம் முடிந்த கையோடு அத்தை சொன்னார்: "டேய், வயசுக்கு வரப்போற பொண்ணு. சாயங்காலம் வூட்ல ஒண்டியா கெடக்கும். நீ ஆம்பள, என்னாடா பண்ணுவ? செங்கல்பட்டுல என்கூட இருக்கட்டும்."

"முழுப்பரீட்சை முடியட்டும்க்கா."

நாளைத் தள்ளிப்போட மட்டுமே அப்பாவால் முடிந்தது. தன்னை ஆளாக்கியவரிடம் எப்படி மறுப்பார்?

அப்போது எங்கள் பள்ளியில் பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சியாளர் இல்லை. அப்பா தலைமையாசிரியையிடம் போய், "கபடி எனக்கு நல்லாத் தெரியும் மேடம்" என்று கூசாமல் பொய் சொன்னார். மாலை முழுக்க நான் அவர் கண்ணெதிரே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே தம் வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டார். விதிப்புத்தகம் வாங்கி, ரயிலில் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"சார், போனஸ் கோடுன்னா இன்னா சார்?"

"நாளைக்குச் சொல்றேம்மா. இன்னைக்கு ட்ரெயின்ல செம கூட்டம், அந்தப் பக்கம் வரைக்கும் படிக்க முடியல."

ஆட்டத்தில் முடி அவிழக்கூடாது என்று எனக்கு அவரே பின்னிவிடுவார். அந்த இறுக்கத்தில் என் புருவம் மேலேறி, அந்த வருடத்துப் படங்களில் எல்லாம் பேயைப் பார்த்தவள் போல இருப்பேன். ஆட்டத்தில் நான் எதிரணியின் செல்லப்பிள்ளை. என்னைப் பிடிக்க ஓடவே வேண்டாம். அப்பா பெற்ற மகளென்றும் பார்க்காமல் என்னை வெளியில்தான் உட்காரவைத்தார்.

தேர்வு முடிந்த வாரம் தாம்பரத்தில் போட்டி. ஒருத்திக்குக் கால் பிசகவே, வேறு வழியின்றி நான் இறங்கினேன். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். கடைசியாகப் பாடிப்போக வேண்டியவள் நான். மூச்சை அடக்கி "கபடி கபடி" என்று போனேன். கடவுள் எங்கோ பராக்குப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு பேரைத் தொட்டுவிட்டேன்! நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது, அப்பாவுக்குப் பக்கத்தில் அத்தை என் துணிமணிப் பையோடு நிற்பதைப் பார்த்தேன்.

"அப்பா!" என்று கத்திவிட்டேன்.

விசில். கபடி நின்றால் அவுட். தோற்றோம்.

அப்பா புத்தகத்தோடு நடுவரிடம் ஓடினார். "சார், அப்பான்னு கூப்பிடக் கூடாதுன்னு இதுல எங்க சார் போட்டிருக்கு?"

"கபடியைத் தவிர எதுவும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்."

அப்பா அந்த வரியைத் தேடிப் படித்தார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். அம்மாவின் சாவில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. அத்தை வெகுநேரம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிடா. பொண்ணுங்க பாக்குது பாரு. அவ உங்கூடவே இருக்கட்டும்" என்று பையை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் அப்பா நிஜமாகவே கபடி கற்றுக்கொண்டார். பணி ஓய்வுக்குப் பிறகும் மைதானத்தை விடவில்லை. மறுமணப் பேச்சை எடுத்தவர்களிடம், "ஏழு பேரைச் சமாளிக்கவே நேரமில்ல" என்பார். சிறுநீரகம் கெட்டுப் படுத்த கடைசி மூன்று மாதமும், இந்த வயதிலும் வந்து தங்கி, அவருக்குக் கஞ்சி ஊட்டியவர் அத்தைதான்.

மருத்துவர்களுக்கும், முறைவைத்து ஆஸ்பத்திரியில் உடனிருந்த பழைய அணித் தோழிகளுக்கும், கல்லூரி நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வருடம் செங்கல்பட்டு வீட்டில் எனக்கென்று புதிதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தார் என்பது அப்பா போன பிறகுதான் எனக்குத் தெரியும். அத்தை, அன்று தாம்பரத்தில் தனியாக ரயில் ஏறினீர்களே, அதற்கு நன்றி.