குழாய் எடுத்த நாள்

காலை ஆறு பத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் கண்ணில் பட்டது வாய்தான். அதை நன்றாகத் திறந்து, முகம் சிவக்க, என் தங்கை மகள் அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் செயற்கைச் சுவாசக் குழாய் இருக்கும்வரை குரல் எழாது என்று சிஸ்டர் சொன்னார். இருபத்தேழாம் வாரத்தில் பிறந்தவள். மூன்று வாரமாகியும் இயந்திரம் இல்லாமல் அவளால் மூச்சுவிட முடியவில்லை.

பக்கத்தில் தங்கையின் கணவர் நின்றார். மாப்பிள்ளைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, மண்ணூர்பேட்டையில் வீடு. எதையும் அளந்து பார்த்தே நம்புகிறவர். அன்று மருத்துவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். நிறைமாதத்தில் பிறந்த வேறொரு குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை ஊசி வழியே செலுத்துவார்கள். நுரையீரல் தேற உதவலாம்; உறுதி இல்லை. மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை தொடரும்.

"இதான் மொத பீஸா டாக்டர்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. பட்டறையில் முதல் பீஸை அளந்து சரிபார்க்காமல் இரண்டாவதை ஓட்டமாட்டார்கள். இங்கேயே முன்பு சில குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறோம் என்றார் மருத்துவர். அந்தக் குழந்தைகளுக்கு என்ன ஆனது என்று மாப்பிள்ளை அரை மணி நேரம் விசாரித்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் தலையசைத்ததும் இருவரும் கையெழுத்திட்டார்கள்.

வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். "மச்சான், கொடி குடுத்த ஊட்லயும் ஒரு தாய்மாமன் இருப்பான். காதுகுத்துக்கு மடி யாருதுன்னு இப்பவே பேசி முடிச்சிக்கோ."

"வரட்டும் மாப்ள. காது ரெண்டு கீதுல்ல, ஆளுக்கு ஒண்ணு."

குழந்தை பிறந்த பின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு மாங்காடு கோயிலில் இரண்டு காதும் என் மடியில் வைத்தே குத்தினோம். அவளுக்கு இப்போது ஐந்து வயது.

செல் செலுத்திய பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். செல்லால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் எழுதமாட்டேன். மாப்பிள்ளை அப்போது பகல் ஷிஃப்டில் இருந்தார். தங்கை அவரை அழைத்து, போனைக் குழந்தையருகே பிடித்தாள். லேத் இரைச்சலில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. வெட்டு பாதியில் இருக்கும்போது மெஷினை நிறுத்தினால் பரப்பில் வரி விழும், பீஸ் தேறாது. அவர் நிறுத்தினார். கரகரப்பாக, சின்னதாக, விடாமல் ஒரு குரல் கேட்டது.

வீணான பீஸுக்குக் காரணம் எழுத அங்கே ஒரு நோட்டு உண்டு. அன்றைய தேதிக்கு நேரே அவர் எழுதியது: "பாப்பா அழுதுச்சு."