தேக்காவில் சிரித்த வாய்

தேக்காவில் நின்று, தே தாரிக் என்கிற ஆற்றிய டீயைக் குடித்தால், கோப்பை காலியாவதற்குள் யாராவது ஒரு வெள்ளைக்காரர் நம்மைப் படம் எடுத்துவிடுவார். சிங்கப்பூருக்குக் கிளம்பும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிட்டில் இந்தியா என்று பலகை மாட்டிய இந்தப் பேட்டையில் இந்தியாவைத் தேடாதீர்கள். பஃபலோ ரோடு என்று ஒரு தெரு உண்டு, எருமை கிடையாது. சுவரில் மாடு வரைந்து வைத்திருக்கிறார்கள்; சாணி போடாத, ஈ மொய்க்காத மாடு. எல்லோரும் முண்டியடித்துப் படம் எடுக்கிற பல வண்ண வீடு, ஒரு காலத்தில் சீன வியாபாரி கட்டியது. அதன் முன்னால் நின்று இந்தியாவைப் பார்த்தாயிற்று என்று திருப்தியாகப் போகிறவர்களை என்னவென்று சொல்வது?

போன மாதம் எங்கள் மலைக் கிராமமான கரியாலூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். பெற்றவர்கள் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அப்போது சிங்கப்பூர்க் குடியுரிமை தருவதாக வந்த கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. ஒப்புக்கொண்டால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அவள் சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அதனால் நான்கு நாள் ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் தேக்கா. சுவர் மாட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, கறக்காத மாட்டுக்கு இம்மாங் கூட்டம்?” என்றாள்.

அவளுக்கு இந்தக் கூட்டம் புதிதல்ல. அருவி பார்க்க வருகிற கார்கள் எங்கள் சாமைக் காட்டோரம் நிற்கும். களை எடுக்கிற எங்களைக் கேட்காமலே படம் பிடிப்பார்கள். அக்கா சட்டென்று முதுகைக் காட்டிவிடுவாள். ஒருமுறை ஒருவர் சிரிக்கச் சொல்லி பிஸ்கட் பாக்கெட்டை நீட்ட, நான் சிரித்தேன். அக்கா அதைப் பிடுங்கி அவர் கார் மேலேயே வைத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அவள் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த கடைக்குக் கொடி பிடித்த ஒரு கைடு பெண் பத்துப் பேரோடு வந்தாள். எங்களிடம் எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொல்ல, அவளே கரியாலூர் என்றாள். அது எந்த எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கம் என்றாள் கைடு. பதிலுக்குக் காத்திராமல், எங்களைக் காட்டி, இவர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள் என்று கூட்டத்துக்கு விளக்கினாள். போன்கள் உயர்ந்தன. அக்கா முதுகைக் காட்டினாள். கூட்டம் நகர்ந்ததும் திரும்பி என் முகத்தையே பார்த்தாள்.

“நீ சிரிச்சிக்கினு நிக்கிற.”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இந்த முறை யாரும் பிஸ்கட்கூட நீட்டவில்லை. இவ்வளவு நேரம் இந்தப் பேட்டையை ஏசிய வாயா இது என்று அவமானமாக இருந்தது. அந்த அவமானத்திலேயே கடிதத்தை எடுத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அக்கா டீயைக் குடித்து முடித்தாள்.

“எந்தூரு பாஸ்போட்ட வேணா வச்சிக்க. படம் புடிச்சா சிரிக்கிற இந்தப் பழக்கத்த வுடு.”

அவள் ஊருக்குப் போன பிறகு கையெழுத்துப் போட்டேன். நேற்று அதே கடையில் ஒருவர் போனை உயர்த்தினார். வாய் தானாக விரிந்தது. நான் அவசரமாகத் திரும்பினேன். எடுத்த படத்தை அவர் மரியாதையாக என்னிடம் காட்டினார். பாதி முதுகும் பாதி முகமுமாக ஒருவன் நின்றிருந்தான். தெரிந்த பாதியில் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.