நான் பறித்த மூன்று நாட்கள்

என் மனைவிக்கு மாதத்தில் மூன்று நாட்கள் ஓய்வு இருந்தது. அதை நான் பறித்தேன். பறித்ததைச் சீர்திருத்தம் என்று ஊருக்குச் சொன்னேன், ஊரும் கைதட்டியது. உண்மைக் காரணம் வேறு. அந்த மூன்று நாட்களும் சமைப்பதும் தண்ணீர் அள்ளுவதும் என் தலையில் விழுந்தன. அது எனக்கு அலுத்துப்போயிருந்தது. அவ்வளவுதான்.

இதை எழுதப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "எழுதுங்கோவன். ஆனா ஒருத்தற்ர பேரும் போடாதேங்கோ" என்றாள். ஆகவே இதில் பெயர்கள் இல்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறினோம். எனக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. அதோடு வாய்க்கால் ஓரமாக வயலும், வீட்டோடு கொஞ்சம் மேட்டுக்காணியும் இருந்தன. மூத்தது மகள், அடுத்தது மகன், மூன்றாவது இன்னும் நடக்கத் தொடங்காத பொடியன். மனைவியின் தாயும் சகோதரிகளும் ஆனையிறவுக்கு அப்பால், யாழ்ப்பாணப் பக்கமே இருந்தார்கள். அவசரத்துக்கு ஓடிவர ஒருவரும் இல்லை.

விடிவதற்கு முன்னரே அடுப்பு மூட்டுவாள். இடியப்பம் பிழிந்து, பால் கறந்து, பிள்ளைகளைக் கழுவி, எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகுதான் அவளுடைய நாள் உண்மையில் தொடங்கும். நெல் அவிக்க வேண்டும், காயப்போட வேண்டும், குத்த வேண்டும். வயலில் ஆள் நின்றால் அவர்களுக்குச் சோறு போக வேண்டும். நான் பின்னேரம் வந்து சைக்கிளைச் சாத்தும்போது அவள் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ குனிந்துகொண்டோதான் இருப்பாள். சாப்பிடுவதும் அப்படித்தான். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி நான்கு வாய்.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடையே, மாதவிடாய் வந்தால் பெண்கள் துடக்கு என்று விலகி இருப்பார்கள். சமைக்கிற குசினிக்குள் போவதில்லை, கிணற்றைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஒரு கொட்டில் இருந்தது. அதன் ஒரு மூலையைக் தென்னோலைக் கிடுகுத் தட்டியால் மறைத்து விட்டிருந்தோம். ஒரு பாய், ஒரு தலையணை, வேறாக ஒரு கோப்பை, ஒரு செம்பு. மூன்று நாள் அங்கே இருந்துவிட்டு நாலாம் நாள் காலை அரப்பும் தேசிக்காயும் வைத்துத் தோய்ந்து, ஈரத் தலையோடு வீட்டுக்குள் வருவாள்.

அவள் ஓய்ந்திருந்து நான் பார்த்ததெல்லாம் அந்த மூலையில்தான். முதல் நாள் முழுதும் நித்திரை. வயிற்று வலிக்கு மல்லித் தண்ணீர் கேட்பாள், வைத்துக் கொடுப்பேன். இரண்டாம் நாள் கொண்டையை அவிழ்த்து, சிக்கு எடுத்து, மெதுவாகத் தலை இழுப்பாள். அவசரமே இருக்காது. பித்தவெடிப்பு விழுந்த குதிக்கால்களுக்கு எண்ணெய் பூசுவாள். தாய் அனுப்பிவைக்கும் பழைய வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதையை வெட்டி நூலால் கட்டி வைத்திருந்தாள், அதை வாசிப்பாள். சில வேளை வாசித்துத் தனக்குள் சிரிக்கும் சத்தம் தட்டிக்கு இப்பால் கேட்கும்.

இப்பால் நின்றது நான். குழைந்து அளிந்த சோறும் இடித்த சம்பலும் என் கைவண்ணம். மூன்று நேரமும் அதுதான். கடைக்குட்டி தட்டியை நோக்கித் தவழ்ந்து போவான். "தொடாதை, தொடாதை" என்று உள்ளேயிருந்து தாய் கத்துவாள். தொட்டுவிட்டால் அவனைக் குளிக்கவார்த்து உடுப்பு மாற்ற வேண்டும். அதையும் நான்தான் செய்ய வேண்டும். ஆகவே ஓடிப்போய்த் தூக்குவேன், அவன் அழுவான். கிணற்றடியில் துலாவோடு நான் மல்லுக்கட்டும்போது ஒழுங்கையால் போகிறவர்கள், "என்ன வாத்தியார், வீட்டிலை லீவோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். படித்த மனிதன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு நிற்கிறேன். எனக்கு அது பெரிய குறைவாகப் பட்டது.

அந்தக் காலத்தில்தான் எங்கள் வாசிகசாலையில் பழைய வழக்கங்களைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். துடக்கு என்பது மூடநம்பிக்கை, பெண்ணை அசுத்தம் என்று ஒதுக்குவது அநியாயம், மாட்டுக்குப் பக்கத்தில் மனுசியை வைப்பது வெட்கக்கேடு என்று அரை மணித்தியாலம் பேசினேன். "எங்கட வீட்டிலை இண்டையோடை துடக்கு இல்லை" என்று முடித்தேன். பேசியதில் ஒரு சொல்லும் பிழையில்லை. இன்றும் அதையே சொல்வேன். பிழை, பேசியவனின் மனதில் இருந்தது. கைதட்டல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இனிச் சம்பல் இடிக்கத் தேவையில்லை என்று எனக்குள் ஒருவன் சந்தோஷப்பட்டான்.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப தண்ணி, சமையல்?" என்று கேட்டாள்.

"நீர் இனி எல்லா நாளும் போல எல்லாம் செய்யலாம். ஆர் என்ன சொல்லுறது?"

அவள் இன்னும் இரண்டு தரம் புடைத்தாள். "ஓம். ஆர் என்ன சொல்லுறது" என்றாள்.

அதை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கிழமையே தட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த மூலையில் வயலுக்குப் போடும் பசளைச் சாக்குகளை அடுக்கினேன்.

இப்படி நாலு வருஷம் போனது. வயிற்று வலி வந்தாலும் அவள் அடுப்படியில்தான் நின்றாள். தலை இழுக்க நேரமில்லை, அள்ளி முடிந்துகொண்டாள். தொடர்கதைக் கட்டு அலுமாரிக்கு மேலே தூசு பிடித்தது. குதிக்கால் வெடிப்பில் இரத்தம் வந்து, ஒரு காலை நொண்டி நொண்டி நடந்ததை நான் பார்த்தேன். பார்த்தும், "செருப்பைப் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு நாள் முற்றத்தில் காயப்போட்ட நெல்லுக்குக் காவல் இருந்தவள், கோழி கலைக்கும் தடியைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். கோழிகள் நெல் பாயில் ஏறி நின்று வயிறு முட்டத் தின்றன. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் அதை மறுநாள் பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு நடித்தே காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள்.

என் கண்ணைத் திறந்தவர் பக்கத்துக் காணிக்காரரின் மனைவி. ஆறு பிள்ளைகளுக்குத் தாய். யாருக்கும் பயப்படாத வாய். ஒரு சனிக்கிழமை வாய்க்கால் தண்ணீர் பற்றி ஏதோ கேட்க வந்தவர், போகும்போது வேலியடியில் நின்றார்.

"வாத்தியார், உங்கட அந்தப் பழைய பேச்சாலை இப்பதான் எங்கட வீட்டு ஆளும் திருந்தியிட்டார். போன மாசத்தோடை துடக்கை நிப்பாட்டிப்போட்டார்."

நல்ல விஷயம் என்றேன்.

"ஓமோம். இப்ப எனக்கு முப்பது நாளும் அடுப்படி. எங்கட பொம்பிளையள் உங்களுக்கு ஒரு பேர் வைச்சிருக்கினம், தெரியுமோ?"

"என்ன பேர்?"

"பஞ்சி வாத்தியார்."

பஞ்சி என்றால் எங்கள் பக்கத்தில் சோம்பல். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் வேலியடியிலேயே நின்றேன். நாலு வருஷமாக எனக்கு மட்டும் தெரிந்த இரகசியம் என்று நான் நினைத்திருந்ததை அயலில் உள்ள பெண்கள் எல்லோரும் முதல் நாளே அறிந்திருந்தார்கள். என் மனைவியும் அறிந்திருப்பாள்.

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அடுத்த நாள் காலை பசளைச் சாக்குகளை இழுத்து வெளியே போட்டேன். மூலையைக் கூட்டி, சாணம் தெளித்து, புதுத் தட்டி கட்டினேன். புதுப் பாயும் விரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எவ்வளவு பெருமையோடு காட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"இதென்ன?" என்றாள்.

"உமக்குத்தான். இனிப் பழையபடி மூண்டு நாள் இதிலை இரும்."

அவள் பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் நினைச்சா எனக்குத் துடக்கு, நினைக்காட்டி இல்லையோ?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கொட்டிலில் இருக்க ஆசைப்பட்டதாக யார் சொன்னது என்று கேட்டாள். மாட்டு மூத்திர மணம், வேறு கோப்பை, நாய்க்கு வைப்பதுபோலத் தள்ளி வைக்கிற சோறு. கடைக்குட்டி தவழ்ந்து வரும்போது தொடாதே என்று கத்திவிட்டுத் தான் திரும்பியிருந்து அழுததை நான் அறிவேனா என்று கேட்டாள். நான் அறியவில்லை. தட்டிக்கு அப்பால் சிரிப்பது மட்டுந்தான் எனக்குக் கேட்டிருக்கிறது. துடக்கை நிறுத்திய அன்று முதல் அவன் தன்னோடு ஒட்டிக்கொண்டு படுத்தது தனக்கு எவ்வளவு ஆறுதல் என்றும் சொன்னாள்.

"அப்ப உமக்கு என்னதான் வேணும்?"

"ஆரும் என்னைக் கூப்பிடாத மூண்டு நாள்" என்றாள். பிறகு யோசித்தாள். "கூப்பிட்டாலும் பறவாயில்லை. எழும்பாமல் இருக்கிற மூண்டு நாள்."

கட்டிய தட்டியை அன்றே அவிழ்த்தேன். ஒப்பந்தம் முற்றத்திலேயே முடிந்தது. மாதத்தில் மூன்று நாள், எந்த நாட்கள் என்று அவளே சொல்வாள். உடம்பின் கணக்கோடு அதற்குச் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்; அது ஊருக்கும் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை. சமையலும் தண்ணீரும் மாடும் பிள்ளைகளும் என் பொறுப்பு. அவள் இருப்பது வீட்டுக்குள், அல்லது முற்றத்து வேம்பின் கீழ், நாங்கள் எல்லோரும் சாப்பிடும் கோப்பைகளில் ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டு.

அதற்கு முந்திய நாள் பின்னேரம் அவள் சொல்லும் சொல் ஒன்று உண்டு: "நாளைக்கு நான் இல்லை." முதல் தடவை அதைக் கேட்டுக் கடைக்குட்டி, அம்மா எங்கேயோ போகப்போகிறாள் என்று பயந்து, சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். பிறகு பழகிவிட்டது. "நாளைக்கு அம்மா இல்லை" என்று அவனே ஒழுங்கையில் போகிறவர்களுக்கு அறிவிப்பான். அவர்கள் திகைத்துப் பார்த்தால், "உள்ளுக்கை படுத்திருக்கிறா" என்பான்.

வீட்டில் திருத்தியது போதாது என்று எனக்குப் பட்டது. உண்மைக் காரணத்தை மறைத்த இடம் வாசிகசாலை. அடுத்த கூட்டத்தில் எழுந்தேன். நாலு வருஷத்துக்கு முன் நான் சொன்னது சரி, ஆனால் எனக்குச் சமைக்கப் பஞ்சி என்பதால்தான் சொன்னேன் என்றேன். துடக்கை நிறுத்துகிறவர்கள் அந்த மூன்று நாளும் அடுப்படியைத் தாங்கள் எடுக்காவிட்டால் அது சீர்திருத்தம் இல்லை, களவு என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவர் இருமினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்தது வாய்க்கால் துப்பரவு" என்றார்.

என்னைப் பின்பற்றிச் சமைத்தவர் என்று எவரையும் நான் அறியேன். பக்கத்துக் காணிக்காரர் மட்டும் மாதத்தில் மூன்று நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தமக்கை வீட்டில் போய்ச் சாப்பிடத் தொடங்கினார். "அடுப்பு மூட்டத் தேவையில்லை. எனக்கு அதுவும் காணும்" என்று அவருடைய மனைவி வேலியால் சொன்னார். அந்தத் தமக்கைக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கிணற்றடியில் என்னைக் கண்டவர்கள், வாத்தியார் வீட்டில் பழையபடி துடக்கு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. பஞ்சி வாத்தியார் என்ற பெயர் நான் வேலையிலிருந்து இளைப்பாறும் வரை கூடவே வந்தது.

எங்கள் வீடு நன்றாகவே இருந்தது. மகள் பெரிய பிள்ளையான பிறகும் எந்தக் கொட்டிலையும் காணவில்லை. மூத்த மகன் பத்து வயதிலேயே சோறு வடிக்கப் பழகினான். நான் கத்தரிக்காய்க் குழம்பு வரைக்கும் முன்னேறினேன். அவளுடைய குதிக்கால்கள் ஆறின. ஆனால் அந்த நாலு வருஷத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க வழியும் இல்லை. கேட்டால், "அதை விடுங்கோ" என்பாள். விட்டுவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை.

முற்றத்து ஒப்பந்தம் தொடங்கி இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் அவள் வேம்பின் கீழ் பாயில், தலையை விரித்துவிட்டு, கடைக்குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் எடுத்தாள்.

"சொதிக்கு உப்புக் காணாது" என்றாள்.

பழக்கத்தில் அவளுடைய ஒரு கை தரையில் ஊன்றியது. பிறகு அதை எடுத்துவிட்டாள். பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

நான் உப்பு எடுக்கக் குசினிக்குள் போனேன்.