சாக்குக்கு இடம் கொடுக்காத கீபோர்டு

போன வாரம் எங்கள் கட்டடத்துக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு அதுதான் பயம்.

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கேம்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். கடைக்கு வருவது பெரும்பாலும் காலேஜ் பசங்கள். கார் ரேஸ், குத்துச்சண்டை, துப்பாக்கி... எல்லாம் உண்டு. மேலே கட்டடத்துக்காரர் பழனிசாமி அண்ணன் குடியிருக்கிறார். மகனுக்குத் திருப்பூரில் வேலை. மருமகள் சுமதி இங்கேதான்.

பொங்கலுக்கு முன்பே அண்ணன் சொல்லிவிட்டார். கீழே ஒரே சண்டைச் சத்தம், மத்தியானம் கண் அசர முடியவில்லை, சொந்தக்காரர்கள் வந்தால் என்ன கடை என்று சொல்ல வாய் வரவில்லை, சித்திரைக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று. மரியாதையாகத்தான் சொன்னார். எங்கள் ஊரில் காலி பண்ணச் சொல்வதும் 'ங்க' போட்டுத்தான்.

நான் எங்கே போவது? பட்டறை வேலையை விட்டு, இருந்ததையெல்லாம் இந்த மெஷின்களில் போட்டவன். வேறு இடத்தில் 'கேம்ஸ்' என்றதும் கதவைச் சாத்துகிறார்கள்.

சரி, சண்டை எதனால் வருகிறது? உட்கார்ந்து கவனித்தேன்.

ஜெயித்தவன் சத்தம் போடுவதில்லை. தோற்றவன்தான். 'நான் அமுக்கினேன், அது போகலை' என்பான். பக்கத்தில் இருப்பவன், 'உனக்கு ஆடத் தெரியலை' என்பான். அப்புறம் சட்டையைப் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி. இதில் கொடுமை என்ன தெரியுமா? தோற்றவன் சொல்வது நிஜம். கீபோர்டு அப்படி. திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு ரப்பர் ஷீட், அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட். அவ்வளவுதான். வாங்கிய கொஞ்ச நாளில் ஆரோ கீ எழுந்திருக்காது. ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் சாயும்.

காந்திபுரம் போனேன். கடைக்காரர் புதுசாக ஒன்றை நீட்டினார். லேசாக இருந்தது, அப்பளம் மாதிரி. கெட்டுப்போனால் மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றித் தருவார். கெட்டுப்போகிற அன்றைக்கு என் கடையில் நடக்கிற சண்டைக்கு அவரா வருவார்?

வேறு காட்டுங்கள் என்றேன். ஆபீஸ்களுக்கென்று வந்து விற்காமல் நின்ற பழைய மாடல் என்று சிலதைப் பரண்மேலிருந்து இறக்கினார். ஒவ்வொரு கீக்கும் கீழே தனித்தனி சுவிட்ச், தனித்தனி ஸ்பிரிங். அமுக்கினால் 'டக்' என்கிறது. சத்தம் அதிகமுங்க, யாரும் கேட்பதில்லை என்றார்.

கம்ப்யூட்டர் எனக்கு அரைகுறை. இரும்பு தெரியும். ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளினேன், நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன், முனகவில்லை. கீயின் நடுவில் அமுக்கினால் எல்லாம் ஒழுங்காகத்தான் இறங்கும் — மூலையில் அமுக்கிப் பார்க்க வேண்டும். நேராக இறங்கி நேராக எழுந்தது. எழுத்தை நகத்தால் சுரண்டினேன், உரியவில்லை.

அப்புறம் மெஷினில் மாட்டச் சொன்னேன். அங்கேதான் ஒன்று மாட்டிக்கொண்டது. இருந்ததிலேயே அதுதான் கனம். ஆனால் வேகம், திருப்பம், பிரேக் மூன்று கீயையும் சேர்த்து அமுக்கினால் ஒன்று விட்டுப்போனது. லெட்டர் அடிக்கிறவருக்கு அது போதும். ரேஸ் ஓட்டுகிறவன் சுவரில் போய் முட்டுவான். அதைத் தள்ளி வைத்தேன். கனத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துதான் போவோம். விளையாட்டில் எந்தெந்தக் கீ சேர்ந்து அமுங்குமோ, அதையெல்லாம் சேர்த்து அமுக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தேறியதையெல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பசங்கள் முதலில் முகம் சுளித்தார்கள். 'என்னங்கண்ணா, பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து தூக்கிட்டு வந்தீங்களா?' என்றான் ஒருவன். இரண்டு ஆட்டம் ஆடினான். மூன்றாவது ஆட்டத்துக்குக் காசை நீட்டினான்.

சண்டை நின்றது. அமுக்கினால் போகிறது... தோற்றால், தோற்றதுதான். யாரைத் திட்டுவது? தோற்றவனுக்குச் சாக்கு இல்லாமல் செய்துவிட்டால் உலகத்தில் பாதிச் சத்தம் குறைந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் அண்ணன் சிரித்துக்கொண்டு வருகிறார். பின்னால் சுமதி.

"ஏனுங்க தம்பி, டைப்பிங் ஆரம்பிச்சுப்போட்டு ஒரு வார்த்தை சொல்லலீங்களே. மேல நல்லாக் கேக்குதுங்க, டக்கு டக்குன்னு."

இனிக் காலி பண்ண வேண்டாம் என்றார். சொந்தக்காரர்களிடமும் கீழே டைப்பிங் கிளாஸ் என்று சொல்லிவிட்டாராம். மருமகள் டைப்பிங் பரீட்சையில் லோயர் பாஸ், ஹையருக்கு இங்கேயே பழகட்டும் என்று கூட்டி வந்திருக்கிறார்.

தலையை ஆட்டியிருக்கலாம். கடை தப்பிக்கும். ஆனால் நாளைக்கு அந்தப் பெண்ணை உட்கார வைத்து எதைச் சொல்லிக் கொடுப்பது? கார் ஓட்டவா?

"இல்லீங்கண்ணா. கேம்ஸ்தானுங்க. கீபோர்டு மட்டும் மாத்தியிருக்கறேன்."

அவர் முகம் சுண்டிவிட்டது. காலி பண்ணும் தேதியைச் சொல்லப் போகிறார் என்று நின்றேன். சுமதிதான் பேசினார்.

"எனக்கு மொத நாளே தெரியுங்க மாமா."

"எப்புடி கண்ணு?"

"டைப்பிங்னா வரி முடியறப்ப மணி அடிக்கோணுமுங்க. இதுல மணியே வரலீங்களே."

"அப்பறம் ஏன் அம்மணி சொல்லல?"

"சண்டைச் சத்தம் நின்னுபோச்சுங்க. நீங்களும் மத்தியானம் நல்லாத் தூங்கறீங்க. எழுப்பியா சொல்லோணும்?"

அண்ணன் உள்ளே வந்தார். ரேஸ் ஓடிக்கொண்டிருந்த ஒரு கீபோர்டில் விரலை வைத்து ஒரு கீயை அமுக்கிப் பார்த்தார். டக். அந்தப் பையனின் கார் போய் மரத்தில் மோதியது. கத்தத் திரும்பினவன், ஆளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருந்துக்கோங்க. டைப்பிங் கிளாஸுன்னு நாஞ் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். சொந்தக்காரங்க வர்ற அன்னிக்கு மட்டும்... அந்த மணி ஒண்ணு வெச்சுப்போட முடியாதுங்களா?"

மணி வைக்கவில்லைங்க. கடை அங்கேயேதான் இருக்கிறது.